அண்ணாந்தார் வீட்டுப் படம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது மின்கட்டண ரசீதில் வரும். மற்றபடி தெருவில் எல்லாருக்கும் அவர் அண்ணாந்தார்தான். பெயர் வைத்த புண்ணியவான் எதிர்க்கடைத் தையல்காரர். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலத் துணி வெட்டப் போய்விடுகிற ரகம். கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தெருவில் நடந்து வந்தபோது மனைவி ஏதோ கேட்டாளாம். இவர் அப்படியே நின்று, கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து, அண்ணாந்து பார்த்துப் பதில் சொன்னாராம். சாயங்காலத்துக்குள் பெயர் தெருக்கோடி வரை போய்விட்டது.

அவள் அவ்வளவு உயரம். இவர் அவள் தோளுக்கு வருவார், அதுவும் செருப்பைப் போட்டுக்கொண்டால். அவள் வேலை பார்த்த துணிக்கடையில் ஸ்டூல் போடாமல் மேல்தட்டுச் சுருளை எடுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். படம் வரையக் கெட்டிப் பருத்தித் துணி வாங்கப் போன இடத்தில்தான் இவர் அவளைப் பார்த்தார். அவள் கையை நீட்டி மேலே இருந்து ஒரு சுருளை எடுத்து, குனிந்து இவரைப் பார்த்து, இது போதுமா, இன்னும் கெட்டியாக வேண்டுமா என்று கேட்டாள். இவர் கெட்டியாக வேண்டும் என்றார். அது வந்ததும் இன்னும் கெட்டியாக என்றார். மேல்தட்டில் இருந்த சுருள் எல்லாம் இறங்கி முடிகிற வரை அவருக்கு எந்தத் துணியும் பிடிக்கவில்லை. கடைசியில் முதலில் எடுத்ததையே வாங்கிக்கொண்டு போனார்.

அவர் தொழில் உருவப்படம் வரைவது. அதிலும் பெரும்பாலும் போய்ச்சேர்ந்தவர்களின் படம். வீட்டின் முன்னறைதான் பட்டறை. சுவரோரம் மரச்சட்டங்கள், ஜன்னலோரம் படத்தைச் சாய்த்து வைத்து வரைகிற ஈசல் பலகை, எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த வாடை. குடும்பத்தார் ஏதாவது ஒரு போட்டோவைக் கொண்டுவருவார்கள். யாருடைய கல்யாணத்திலோ கூட்டத்தோடு நின்று எடுத்ததில் பாதி முகம் பக்கத்து ஆளின் காதுக்குப் பின்னால் இருக்கும். அந்தப் பாதி முகத்தைப் பார்த்து முழு முகத்தை வரைய வேண்டும். வரைந்துவிடுவார். "எங்கப்பா எழுந்து வந்த மாதிரியே இருக்கு" என்று சொல்லி அழுதுவிட்டுப் போவார்கள்.

அந்தப் பட்டறையில் ஒரு விதி உண்டு. உயிரோடிருப்பவர் நேராகப் பார்ப்பார். இறந்தவர் சற்று மேலே பார்ப்பார்.

இந்த விதியை அவர் எந்தப் படிப்பிலும் கற்கவில்லை. ரொட்டிக்கடைக்காரரின் மனைவி சொல்லிக்கொடுத்தது. அவள் கணவனை நேராகப் பார்க்கிற மாதிரிதான் முதலில் வரைந்து கொடுத்தார். கொஞ்ச நாளில் அந்த அம்மா படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். படத்தில் குறை ஒன்றும் இல்லை, நன்றாக இருப்பதுதான் தொந்தரவு என்றாள். சமையலறைக்குப் போனால் பார்க்கிறாராம், அலமாரியைத் திறந்தால் பார்க்கிறாராம், மத்தியானம் கொஞ்சம் கண்ணசரலாம் என்று படுத்தால் அப்போதும் பார்க்கிறாராம். இருந்தபோது பார்த்ததே போதாதா என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தானே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இவர் யோசித்தார். கண்மணிகளை ஒரு நூலளவு மேலே ஏற்றினார். நெற்றியில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினார். அவ்வளவுதான். அந்த அம்மா பார்த்துவிட்டு நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

"இப்ப சரியா இருக்கு. அவரு வேலையை அவரு பாக்குறாரு."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. மேலே போன கண்ணுக்கு ஆளுக்கு ஓர் அர்த்தம் சொன்னார்கள். சொர்க்கத்தைப் பார்க்கிறார் என்றார்கள், கடவுளோடு பேசுகிறார் என்றார்கள். சண்டைக்காரப் பெரியவர் ஒருவரின் படத்தைப் பார்த்துத் தையல்காரர், "அங்க போயும் ஏதோ புகார் சொல்றாரு அண்ணே" என்றார். அண்ணாந்தாருக்கு அவருக்கென்று ஓர் எண்ணம் இருந்தது. நேராகப் பார்க்கிற முகம் நம்மிடம் ஏதோ கேட்கிறது, நாமும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாக நிற்கிறோம். மேலே பார்க்கிற முகம் நம்மை விட்டுவிட்டது. அதற்கு நம்மால் ஆகவேண்டியது இனி ஒன்றும் இல்லை. அப்படி விட்டுவிட்டது தெரிந்த பிறகுதான் வீட்டிலிருப்பவர்களுக்கு அழவும் வருகிறது, அப்புறம் சாப்பிடவும் முடிகிறது. இதை அவர் வாடிக்கையாளர்களிடம் சொன்னதில்லை. அவர்கள் சொல்லும் சொர்க்கத்துக்குத் தலையாட்டுவார்.

விதியை ஒரே ஒரு முறை மீறினார், வாங்கிக் கட்டிக்கொண்டார். வியாபாரிகள் சங்கத் தலைவர் தன் படத்தைச் சங்கக் கட்டடத்தில் மாட்ட ஆசைப்பட்டார். பெரிய தலைவர்களின் படங்களில் எல்லாம் கண் தூரத்தில், உயரத்தில், எதிர்காலத்தைப் பார்ப்பதாக இருக்கிறதே, தனக்கும் அப்படித்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அண்ணாந்தார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தலைவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி, எதிர்காலம்தானே, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று வரைந்து கொடுத்தார். சங்கத்துக்காரர்கள் சாயங்காலம் படத்தை மாட்டினார்கள். மறுநாள் பொழுது விடிந்ததும் தலைவர் வீட்டு வாசலில் ஆட்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். இந்த ஊரில் அண்ணாந்தார் வரைந்த கண் மேலே போனால் ஆள் போய்விட்டார் என்றுதானே அர்த்தம். கதவைத் திறந்ததே தலைவர்தான், பனியனும் வாயில் பல்பொடி நுரையுமாக. முன்னால் நின்றவர் முகம் பேயறைந்தது போலாகிவிட்டது. காய்கறிக் கடையில் தலைவரின் மனைவியைக் கட்டிப்பிடித்து இரண்டு பெண்கள் அழுதே விட்டார்களாம்.

படம் அன்றைக்கே பட்டறைக்கு வந்தது, கண் இறங்கியது. பல வருஷம் கழித்துத் தலைவர் உண்மையாகவே காலமானபோது அவர் மகன் அதே படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "இப்ப ஏத்திடுங்க" என்று தணிந்த குரலில் சொன்னான். அண்ணாந்தார் ஏற்றிக் கொடுத்தார். ஆனால் அந்த முதல் கூத்துக்குப் பிறகு, மூச்சு இருக்கிறவர் கண்ணைத் தன் தூரிகை மேலே தூக்காது என்று வைராக்கியமாக இருந்தார். வேடிக்கையாகத் தொடங்கியதுதான். நாளாக ஆக அது பயமாகவே ஆகிவிட்டது.

இவ்வளவு பேரை வரைந்தவர் தன் மனைவியை வரைந்ததே இல்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆசை இல்லாமல் இல்லை. செத்துப்போனவர்களின் வீட்டார் எப்போதும் அவசரத்தில் இருப்பார்கள், உயிரோடிருப்பவள் எங்கே போய்விடப் போகிறாள் என்று தள்ளிக்கொண்டே போனார். அவளும் கேட்கவில்லை. கடை, வீடு, மகள் என்று அவளுக்கும் பொழுது சரியாக இருந்தது. பட்டறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் நிலைப்படி அவளுக்குக் குட்டை. தலையை இடித்துக்கொண்டு, நிலையைத் திட்டிவிட்டுப் போவாள். ஒருநாள் இவர் துணிக்குள் பஞ்சை வைத்து நிலையின் மேல்கட்டையில் ஆணியடித்துவிட்டார். அப்புறமும் இடித்துக்கொண்டாள். ஆனால் திட்டுவது நின்றது.

அவள் விழுந்தது கடையில்தான். அவ்வளவு உயரத்துக்கு எட்டியெட்டி வேலை செய்தவள் உயரத்திலிருந்து விழவில்லை. தரையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் உறையில் கால் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, முதுகும் அடி வாங்கியது. அறுவை சிகிச்சை செய்தால் எழுந்து நிற்கலாம், ஆனால் இதயம் கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது, மருந்து கொடுத்துத் தேற்றிவிட்டுச் செய்யலாம் என்று டாக்டர் அனுப்பிவைத்தார். பயப்பட வேண்டாம் என்று அவர் மூன்று தடவை சொன்னதில்தான் அண்ணாந்தாருக்குப் பயமே வந்தது.

அவளை உள்ளறையில் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அப்போதுதான் அவர் வாழ்க்கையில் நடக்காத ஒன்று நடந்தது. அவளிடம் பேச அவர் குனிய வேண்டியிருந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். இருவருக்கும் கூச்சமாக இருந்தது. குனிந்து பேச அவர் கழுத்துக்குப் பழக்கமே இல்லை. முதல் நாளே பிடித்துக்கொண்டது. அவளே தைலத்தை எடுத்துத் தேய்த்துக்கொள்ளச் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியபோது ஒரு காலையில், கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு, அவள் கேட்டாள்.

"ஏங்க, ஊர்ல செத்தவங்களை எல்லாம் வரைஞ்சீங்க. நான் உசிரோட இருந்ததாலதானே எனக்கு முறை வரல?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே வரைகிறேன் என்றார்.

"போறதுக்கு முன்னாடி முடிச்சுடுங்க. நான் பாக்கணும்."

அன்றே சட்டத்தில் துணியை இழுத்து அடித்தார். துணிகூட அவள் கடைத் துணிதான். அகலமான நெற்றி, ஒரு பக்கம் கொஞ்சம் ஏறிய புருவம், சிரிப்பை அடக்கும்போது உள்ளே மடியும் கீழுதடு, எல்லாம் கைக்குத் தானாக வந்தன. கண் வரவில்லை.

கட்டிலோரம் உட்கார்ந்து பார்த்தால் அவள் மேலே பார்க்கிறாள். எழுந்து நின்று பார்த்தால் இன்னும் மேலே பார்க்கிறாள். மல்லாக்கப் படுத்திருப்பவள் வேறெங்கே பார்ப்பாள்? பென்சிலால் லேசாகக் கண்ணை வரைந்து பார்த்தார். பட்டறையிலிருந்து வெளியே போன அத்தனை பேருடைய கண்ணும் அதில் இருந்தது. ரொட்டிக்கடைக்காரர் இருந்தார், சங்கத் தலைவர் இருந்தார். அழித்துவிட்டார். வாழ்நாள் முழுக்க அவர் உண்டாக்கி ஊருக்குப் பழக்கிவிட்ட அடையாளம், இப்போது அவர் வீட்டுக் கட்டிலிலேயே வந்து படுத்திருந்தது. அப்படி வரைந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு எந்த முகத்தோடு அவளை அனுப்புவது?

சரி, விதிப்படி நேராகப் பார்க்க வைப்போம் என்று வைத்தார். அவளிடம் காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"யாருங்க இவ? பாஸ்போர்ட்டுக்கு வரிசையில நிக்கிறவளா?"

அவள் சொன்னது சரி. அவள் அவரை ஒரு நாளும் நேராகப் பார்த்ததில்லை. நிற்கையில் அவள் கண் அவர் கண்ணுக்கு நேரே வந்ததே இல்லை. கண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டு, படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறு வேலைக்கு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினார்.

மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பக்கத்து ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், அம்மாவின் உயரம். யாரிடமோ சொல்லி, ஆஸ்பத்திரியில் இருப்பது போன்ற இரும்புக் கட்டில் ஒன்றைத் தன் வேனிலேயே ஏற்றிக்கொண்டு வந்தாள். கால்மாட்டில் அடியில் மூன்று கைப்பிடிகள். ஒன்றைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும், ஒன்று முழங்காலுக்கு, ஒன்று கட்டிலையே உயர்த்த. தலைப்பக்கத்தை மட்டும் கொஞ்சமாக உயர்த்தலாம், மற்றதைத் தொட வேண்டாம் என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். எல்லாம் புரிந்த மாதிரி அவர் தலையாட்டினார்.

பிறகு பட்டறையில் எதையோ தேடப் போனவள் படத்தைத் திருப்பிவிட்டாள். கண் இல்லாத அம்மா.

"அப்பா, இது எதைவிடவும் மோசமா இருக்கே. ஏன் இப்படி விட்டு வெச்சிருக்கீங்க?"

"அவ மேல பாக்குறா பாப்பா. எப்படி வரைஞ்சாலும் மேல பாக்குறா. நான் என் கையால அதை எப்படிப் போடுவேன்?"

மகளுக்கு அந்தப் பட்டறை விதி தெரியாததல்ல, அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். அப்பாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அதற்கு அவள் குனிய வேண்டியிருந்தது.

மறுநாள் மகள் வேலைக்குப் போய்விட்டாள். படுக்கைப்புண் வராமலிருக்க அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போனாள். தேநீர் குடிக்க வசதியாகத் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தும்படி மனைவி கேட்டாள். அண்ணாந்தார் கால்மாட்டில் முழங்காலிட்டு உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். சுற்றச் சுற்ற அது இலகுவாக வந்தது. பரவாயில்லையே, நமக்கும் கருவியெல்லாம் கைவருகிறதே என்று உற்சாகமாகச் சுற்றினார். மேலே ஏதோ சத்தம் கேட்டது. அவள் தேநீர் டம்ளரை வைத்திருந்த முக்காலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்க, கட்டில் முழுசாக எழும்பிக்கொண்டிருந்தது.

என்ன ஆயிற்று என்று பார்க்க, முழங்காலிட்டபடியே கட்டிலின் பக்கவாட்டுக்கு நகர்ந்து வந்து அவர் நிமிர்ந்தார்.

அவள் தலையணை விளிம்பிலிருந்து எட்டி, கீழே பார்த்தாள். ஒரு பக்கப் புருவம் ஏறியிருந்தது. கீழுதடு உள்ளே மடிந்திருந்தது. இமைகள் பாதி தாழ்ந்து, அந்தப் பாதிக்குள் இருந்த கண் அவரையே பார்த்தது.

"எந்தப் பிடியைச் சுத்துறீங்க? இப்படியே மேல அனுப்பிடலாம்னு பாக்குறீங்களா?"

அவர் கழுத்து பின்னால் சாய்ந்திருந்தது. எத்தனை வருஷமாகப் பழகிய சாய்வு. துணிக்கடையில் மேல்தட்டிலிருந்து சுருளை இறக்கி, இது போதுமா என்று கேட்ட கண் இது. நிலைப்படியில் இடித்துக்கொண்டு, இவர் பார்த்துவிட்டாரா என்று திரும்பிய கண். குட்டை ஆளைக் கட்டிக்கொண்டோமே என்று ஒரு நாளும் நினைக்காத கண். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் மீது அவ்வளவு அன்பு வந்தது, அப்போதே அழுதிருப்பார், ஆனால் அழுதால் கண் தெரியாதே என்று அடக்கிக்கொண்டார்.

"அப்படியே இரு. அசையாதே."

"டீ?"

"அப்புறம்."

ஈசல் பலகையைக் கொண்டுவரவில்லை. படத்தைத் தரையில் சுவரோடு சாய்த்து, தானும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்துப் பார்த்து வரைந்தார். அவள் கீழே பார்த்தபடி வாய் ஓயாமல் பேசினாள். கட்டிலை மகள் வந்து பார்த்தால் உங்களை உதைப்பாள் என்றாள், தேநீரில் ஆடை படிந்துவிட்டது என்றாள். சாயங்காலம் வெளிச்சம் போவதற்குள் இரண்டு கண்களும் வந்துவிட்டன. தாழ்ந்த இமை, அதற்குள் ஒரு பொட்டு வெளிச்சம்.

காட்டியபோது அவள் பாஸ்போர்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு நாள் நான் இப்படியா உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றார்.

செய்தி கேட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். நின்று பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், கடைசியில் படத்துக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தார். எழுந்தவர் வழக்கமான கேலிக்கு வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

"உசரமா மாட்டுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன அன்று, உடை மாற்றிக்கொண்டு வரும்படி மகள் வீட்டுக்கு அனுப்பிய இடைவெளியில், இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், அண்ணாந்தார் படத்தை மாட்டினார். அளக்க டேப் எடுக்கவில்லை. உள்ளறைச் சுவருக்கு எதிரே நின்று, அவளோடு பேசும்போது சாய்ப்பது போலக் கழுத்தைச் சாய்த்தார். பார்வை போய் நின்ற இடத்தில் கண் வருகிற மாதிரி கணக்குப் பண்ணி ஆணியடித்தார். பிறகு கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்த்தாள். சட்டையை மாற்றாமலே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

அறுவை சிகிச்சையை இதயம் தாங்கியது. டாக்டர் இந்தத் தடவை பயப்பட வேண்டாம் என்று ஒரே தரம்தான் சொன்னார். ஆனால் முதுகு பழையபடி நிமிராது, கூனல் இருக்கும், நாலுகால் தாங்கு சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்றார். இவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். உயிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், முதுகுக்கா பேரம் பேசுவது?

வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்துத்தான் அவள் முதல் தடவையாக, யாரும் பிடிக்காமல், தானாக எழுந்தாள். மகள் அலுமினியத் தாங்கு சட்டத்தைக் கட்டிலுக்கு முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். நிலையில் அடித்திருந்த பஞ்சுத் துணிக்குக் கீழே அண்ணாந்தார் நின்றார். அவள் சட்டத்தை இறுகப் பிடித்தாள், பல்லைக் கடித்தாள், நின்றாள். ஓரடி வைத்தாள், இன்னோரடி வைத்தாள். அவருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

அவளிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று அவர் வாயைத் திறந்தார். கழுத்து பழக்கப்படி பின்னால் சாய்ந்தது. பார்வை நேராகப் போய் அவளுக்குப் பின்னால் சுவரில் இருந்த படத்தின் கண்ணில் நின்றது. அதைப் பார்த்து, "நின்னுட்டியேம்மா" என்றார்.

"ஏங்க, அங்க எங்க பாக்குறீங்க? நான் இங்க இருக்கேன்."

அவர் தலையை இறக்கினார். அவள் கண்கள் அவர் கண்களுக்கு நேரே இருந்தன.